டிவியில் வராத தேர்தல்தான் நம் தெருவில் வந்து நிற்கிறது

கெடிலக்கரை — இரவு 10.50

நேற்று சாயங்காலம் புதுச்சேரியில் வேலை முடித்துக்கொண்டு கடலூர் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முள்ளோடை தாண்டியதும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். உள்ளே டிவியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது, ஆறு கட்டத்தில் ஆறு முகம், வடக்கே ஒரு மாநிலத்தில் யார் யாரோடு கூட்டணி சேருவார்கள் என்பதுதான் பேச்சு. கடை வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். டீ மாஸ்டர் இரண்டு செங்கல்லைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு ஆற்றிக் கொடுத்தார். அப்போது ஒரு பெரியவர் கேட்டார், "இந்த வாய்க்காலை யாருப்பா தூர் வாரணும்?" அங்கே நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஊராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, பொதுப்பணித் துறையா? எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த வட மாநிலத்தில் மொத்தம் எத்தனை தொகுதி, பெரும்பான்மைக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தால் எல்லோருமே சொல்லியிருப்போம்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஊடகச் சார்பு என்றால் நாம் உடனே இந்தச் சேனல் இந்தக் கட்சியுடையது, அந்தப் பேப்பர் அந்த ஆளுடையது என்று பேச ஆரம்பிக்கிறோம். அது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சார்பு ஒன்று இருக்கிறது. எந்தத் தேர்தல் முக்கியம், எது முக்கியமில்லை என்று அவர்கள் நமக்குச் சொல்லாமலே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம் விவாதம், சட்டமன்றத்துக்கு ஒரு வருஷம், உள்ளாட்சிக்கு வாக்கு எண்ணும் நாளில் மட்டும் யார் எத்தனை மாநகராட்சி என்று ஒரு பட்டியல். கடலூரில் 45 வார்டு இருக்கிறது. அதில் ஒரே ஒரு வார்டின் பிரச்சினையைப் பற்றியாவது அரை மணி நேரம் எந்த டிவியிலாவது பேசி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

2016 அக்டோபரில் நம் நகராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. உயர்நீதிமன்றம் அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதன் பிறகு நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி, அதாவது அரசு போட்ட அதிகாரியின் ஆட்சி. அந்த இடைவெளியில்தான் கடலூர் நகராட்சி மாநகராட்சியாகவே மாறியது, கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல். இதைப் பற்றி எத்தனை விவாதம் நடந்தது? நீங்கள் சொல்லுங்கள்.

---

லாஸ்பேட்டை_தம்பி — இரவு 11.20

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போட்டு என்ன ஆகிறது? நான் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

2016 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். எனக்கு அப்போது வயசு வரவில்லை. காங்கிரஸ் 15, திமுக 2, ஆட்சி அமைந்தது. அப்புறம் 2017-ல் மத்திய அரசு மூன்று பேரை நியமன எம்எல்ஏக்களாகப் போட்டது, புதுச்சேரி அரசைக் கேட்காமலே. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 2021-ல் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் ஆளுங்கட்சிப் பக்கமிருந்து ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள், பிப்ரவரி 22 அன்று முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது. ஜெயிக்க வைத்தது நாங்கள், கவிழ்த்தது வேறு யாரோ. 30 பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், 3 பேரை டெல்லி தேர்ந்தெடுக்கிறது, அந்த 3 பேருக்கும் சபையில் வாக்கு உண்டு. ஆட்சியே நூலிழையில் நிற்கிற சின்னச் சபையில் 3 என்பது எவ்வளவு பெரிய எண்!

என் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் வெறுத்துப் போனார்கள். "எவன் வந்தால் என்ன" என்று சொல்கிறவனைச் சோம்பேறி என்று டிவியில் திட்டுகிறார்கள். அவன் சோம்பேறி இல்லை அண்ணே, அவனுக்கு வலிக்கிறது.

---

முத்தியால்பேட்டை_தாத்தா — காலை 6.05

தம்பி, உன் வலி நியாயமானது. நான் உன்னைத் திட்ட மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், கேள்.

புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்து எப்போது தெரியுமா? 2006. நடுவில் 38 வருஷம். அப்போது எனக்கு நடுவயசு தாண்டிவிட்டது, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டேன். அந்த வாக்காளர் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன், மடிப்பு கிழிந்து நாலு துண்டாகிவிட்டது. 2011-ல் அந்தக் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. 2021-ல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீடு விவகாரம் நீதிமன்றம் போய், நின்றது நின்றதுதான். 1990-ல் பிறந்த என் மகன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இதுவரை ஒரு தடவைகூட கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதில்லை. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிகள் கையில்.

அரசியல் சட்டத்தில் நகராட்சிகளுக்கான 74-ஆவது திருத்தம் வந்து எவ்வளவு காலம் ஆச்சு! ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. சட்டமன்றத் தேர்தல் ஆறு மாதம் தள்ளிப்போனால் இந்த நாடே பேசும். எங்கள் நகராட்சித் தேர்தல் பத்து வருஷத்துக்கு மேல் நடக்கவில்லை, எந்தச் சேனலில் எத்தனை நாள் பேசினார்கள்?

2006-க்குப் பிறகு வந்த அந்த ஐந்து வருஷத்தைச் சொல்கிறேன். எங்கள் வார்டு கவுன்சிலர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. தெருக்கோடியில் வீடு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் காலையில் பால் வாங்கப் போகும்போது அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லிவிட்டு வருவோம். இரண்டு நாளில் வரும், சில சமயம் ஒரு வாரம் ஆகும், திட்டுவோம், அடுத்த நாளும் அதே திண்ணையில் பார்ப்போம். இப்போது தெருவிளக்குக்கும் எம்எல்ஏ வீட்டுக்குத்தான் போகிறோம். எம்எல்ஏ சாக்கடை பார்க்கிறார், சட்டம் யார் பார்ப்பது? நீ சொல்கிறாயே கட்சி தாவினார்கள் என்று, அந்தத் தாவலைத் தட்டிக் கேட்க ஊரில் வேறு ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள்கூட இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

துறைமுகத்தான் — காலை 7.40

கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய நகரத்திலிருந்து எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருக்கிறேன், எந்தக் கட்சிக்கு என்பது இங்கே வேண்டாம்.

தம்பி கேட்ட "ஓட்டுப் போட்டு என்ன ஆகிறது" என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2016-ல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். எண்பத்தேழு! ஒரு பூத்தில் ஒரு தெரு வராமல் போனால் 87 போய்விடும். அன்று மழை, கல்யாணம், சாவு வீடு, நாற்று நடவு, எது வேண்டுமானாலும் 87 பேரை நிறுத்தி வைக்கும். அவரே 2019-ல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் ஜெயித்தது 3,219 வாக்கில், ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த இடத்தில் அது ஒன்றுமே இல்லை. அன்று ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை. 2021-ல் நெய்வேலி, விருத்தாசலம் இரண்டுமே ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசம். சென்னை தி.நகரில் 137.

இது சட்டமன்றம். புதுச்சேரியில் தொகுதியே சின்னது, சராசரியாக முப்பதாயிரத்தை ஒட்டித்தான் வாக்காளர்கள். நம் பக்கம் ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்தை ஒட்டி. அப்படிப் பார்த்தால் தம்பியின் ஒரு ஓட்டு என் ஓட்டைவிட ஏழெட்டு மடங்கு கனம். ரங்கசாமியே 2021-ல் இரண்டு தொகுதியில் நின்று, ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் சில நூறு வாக்கில் தோற்றார். தட்டாஞ்சாவடியில் ஜெயித்ததால் முதல்வரானார்.

2022 வார்டுத் தேர்தலில் நான் உட்கார்ந்த இடத்தில் வித்தியாசம் இரண்டு இலக்கம்தான். தோற்ற பெண்ணின் சொந்த சித்தப்பா குடும்பம், ஐந்து ஓட்டு, அன்று திருப்பதி போயிருந்தது. எண்ணி முடித்ததும் அந்தப் பெண் ஏஜெண்டுகள் வைத்திருந்த வாக்காளர் பட்டியலை வாங்கி, ஓட்டுப் போடாதவர்கள் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த விரல் எனக்கு மறக்கவே இல்லை.

சட்டமன்றத்துக்கு நம் ஊரில் வாக்குப்பதிவு எழுபதைத் தாண்டும். புதுச்சேரியில் 80 சதவீதத்துக்கு மேல் போகும். 2022 நகர்ப்புறத் தேர்தலில் மாநிலம் முழுக்கச் சேர்த்து 60 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. ஆள் அதேதான், பூத்தும் பெரும்பாலும் அதே பள்ளிக்கூடம்தான். டிவி கூப்பிட்டால் வருகிறோம், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கிறோம். கெடிலக்கரை அண்ணன் சொல்வது இங்கேதான் எனக்கு உறைக்கிறது.

---

பழைய_நிருபர் — காலை 9.15

உள்ளே இருந்தவன் என்கிற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

14 வருஷம் தாலுகா நிருபராக இருந்தேன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. சாப்பாட்டுக்கு வழி விளம்பரக் கமிஷன்தான். தலைவர் பிறந்தநாள், தீபாவளி மலர், கண்ணீர் அஞ்சலி, திறப்பு விழா, இதையெல்லாம் யார் கொடுப்பார்கள்? உள்ளூர் கட்சிக்காரர், ஒப்பந்ததாரர், பள்ளி நடத்துபவர். எந்த மனிதரிடம் கால் பக்க விளம்பரம் வாங்கினேனோ அவர் போட்ட ரோடு மூன்று மாதத்தில் பெயர்ந்ததை நான் எழுத முடியாது. என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசிரியர் போன் செய்யவில்லை. நானே எழுதவில்லை. சார்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, எழுதாமல் விட்ட செய்தியாக. அந்த ரோட்டின் படம் என் பழைய கேமராவில் ரொம்ப நாள் இருந்தது.

தேர்தல் நேரத்தில் காசு வாங்கிச் செய்தி போடுவது தனிக் கதை. 2009 தேர்தலுக்குப் பிறகு அது பெரிய விஷயமாகி, இந்திய பத்திரிகை கவுன்சில் 2010-ல் அறிக்கை கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு எம்எல்ஏவை இதற்காகவே 2011-ல் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது, செய்தி மாதிரி வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று. இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றிதழ், கண்காணிப்புக் குழு உட்காருகிறது. அதையும் மீறி எப்படி வரும் என்றால், ஒரே பக்கத்தில் மேலே ஒரு வேட்பாளர், கீழே அவரை எதிர்த்து நிற்பவர், இரண்டு செய்தியிலும் "செல்லுமிடமெல்லாம் உற்சாக வரவேற்பு, ஆரத்தி எடுத்த பெண்கள்". எழுத்துரு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். கூர்ந்து பார்த்தால் தெரியும்.

அப்புறம் சேனல்கள். கட்சி சார்பு நம் ஊரில் ஒளிவு மறைவான விஷயமே இல்லை. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி, நியூஸ் ஜெ, பெயரைக் கேட்டாலே யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்சிப் பத்திரிகைக்கும் நமக்குப் பெரிய மரபு உண்டு, முரசொலி, விடுதலை, தீக்கதிர், இவை தாங்கள் யார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் பேசுகின்றன. பாரதியின் "இந்தியா" பத்திரிகை 1908-ல் ஆங்கிலேயருக்குத் தப்பி வந்து அச்சானது இதே புதுச்சேரியில்தான், அதிலும் நடுநிலை கிடையாது, பச்சையாக ஒரு பக்கம்தான். வ. சுப்பையா 1934-ல் நடத்திய "சுதந்திரம்" தொழிலாளி பக்கம். எனக்கு அதிலெல்லாம் கோபமே இல்லை. பக்கத்தைச் சொல்லிவிட்டுப் பேசுகிறவனோடு சண்டை போடலாம், ஒத்துப்போகலாம். என் கோபமெல்லாம் "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்", "சமூக ஆர்வலர்" என்று பெயருக்குக் கீழே போடுகிறார்களே அந்த அடைமொழி மேல்தான். அந்த ஆள் சாயங்காலம் விமர்சகர், காலையில் ஒரு கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர். நெறியாளருக்கும் தெரியும். பார்க்கிற நமக்கு மட்டும் தெரியாது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதியவன் ஆக மாட்டேன். சேனல் நடத்துபவனுக்கும் கழுத்தில் கயிறு இருக்கிறது. அரசு விளம்பரம் ஒரு கயிறு, அரசு கேபிள் இன்னொரு கயிறு. 2018-ல் புதிய தலைமுறை கோவையில் நடத்திய விவாதத்துக்காக அந்தச் சேனல் மேல் போலீஸ் வழக்கே பதிவானது, அரசு கேபிளில் பின்னால் தள்ளினார்கள் என்று பெரிய சர்ச்சை. ஆட்சி மாறிய பிறகும் அந்த மாதிரிப் புகார் நிற்கவில்லை. ரிமோட்டில் நூறு எண் தள்ளி வைத்தால் அந்தச் சேனலைத் தேடி யார் போவார்கள்?

புதுச்சேரி விஷயத்தில் முத்தியால்பேட்டை ஐயா கேட்டதற்குப் பதில் இதுதான். சென்னையில் உட்கார்ந்து செய்தி தேர்ந்தெடுப்பவருக்குப் புதுச்சேரி என்றால் கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, சரக்கு விலை. 2021 பிப்ரவரியில் அரசு கவிழ்ந்த வாரம் மட்டும் வண்டி வண்டியாக வந்து சட்டமன்ற வாசலில் நேரலை போட்டார்கள். ஆட்சி கவிழ்வது படமாக நன்றாக இருக்கும். நடக்காத தேர்தலை எப்படிப் படம் பிடிப்பது? காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் செய்தியும் இல்லை.

---

வடலூர்_டீச்சர் — மதியம் 1.30

எல்லோரும் உள்ளாட்சி பற்றியே பேசுகிறீர்கள், நல்லதுதான், ஆனால் கெடிலக்கரை தம்பி மக்களவை, சட்டமன்றத் தேர்தல் பேச்சே வீண் என்கிற மாதிரி ஆரம்பித்ததில் எனக்கு உடன்பாடில்லை.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறியது, அதே புயல், அதே மழை, அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை பொங்கி கடலூர் மூழ்கியது. புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. நம் பக்கம் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000. பாகூர் பக்கமெல்லாம் இந்த வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் என்று கலந்து கிடக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே தண்ணீர்தான் புகுந்தது. வேறு வேறு சட்டமன்றம், வேறு வேறு தொகை. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, கார்டு எண்ணிக்கை, நிதி எல்லாம் வேறு. ஆனால் "எவன் வந்தால் என்ன" என்கிறவர்களுக்கு அந்த வரப்பைக் காட்டலாம். அதே புயலுக்குத் தமிழ்நாடு உடனடியாக 2,000 கோடி கேட்டது, மத்திய அரசு பேரிடர் நிதியில் விடுவித்தது 944.80 கோடி. அப்போது நாடாளுமன்றத்தில் யார் எழுந்து நமக்காகக் கேட்டார்கள் என்பது மக்களவைத் தேர்தலின் விஷயம். ஆக மூன்று தேர்தலும் ஒரே வெள்ளத்தில் இருக்கிறது. வாய்க்கால் தூர் வாருவது ஒன்று, நிவாரணம் எவ்வளவு என்பது ஒன்று, டெல்லியிலிருந்து பணம் வருவது ஒன்று.

நான் எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி அலுவலராகப் போயிருக்கிறேன். முந்தின நாள் ராத்திரி பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடியற்காலை எழுந்து, ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்கிற முதல் ஆள் எப்போதும் வயசானவர்தான். ஒரு தடவை ஒரு பாட்டி, மை வைக்க விரலை நீட்டும்போது நடுங்கியது. "பயமா பாட்டி?" என்று கேட்டேன். "இல்லம்மா, இன்னைக்கு மட்டும்தான் எல்லாரும் என் பேரைச் சத்தமா படிக்கிறீங்க" என்றார். வாக்காளர் பெயரை முதல் அலுவலர் ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி படிப்பார் இல்லையா, அதைச் சொன்னார். அதன் பிறகு நான் எந்தப் பெயரையும் முணுமுணுக்க விட்டதில்லை, தெளிவாகப் படியுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

உள்ளாட்சியில் இன்னொன்று, தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. அது 2016-ல் சட்டமாகி, 2019-லும் 2022-லும் நடந்த தேர்தல்களில் நிஜமானது. டிவி விவாதத்தில் ஆறு கட்டத்தில் எத்தனை பெண்? பல நாள் ஒன்றுகூட இல்லை. உள்ளாட்சியைப் பேசாமல் விடுவதும், பெண்களைப் பேசவிடாமல் விடுவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. கணவர்தான் தலைவர் மாதிரி நடக்கிறார் என்று மட்டும் செய்தி போடுவார்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தானே மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிற, தானே கையெழுத்துக்குக் கணக்குக் கேட்கிற தலைவிகளையும் எனக்குத் தெரியும், அவர்கள் எந்தச் சேனலிலும் வந்ததில்லை.

கடலூர் மாவட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போனது. அந்த வாரம் டிவியில் என்ன விவாதம் ஓடியது என்று எனக்கு ஞாபகமே இல்லை. இது நிச்சயமாக இல்லை.

---

கெடிலக்கரை — சாயங்காலம் 6.45

டீச்சர் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். எல்லாத் தேர்தலும் முக்கியம், அதில் எதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

கருத்துக்கணிப்பு பற்றி யாரும் பேசவில்லையே. 2016-ல் வாக்குப்பதிவு முடிந்த அன்று சாயங்காலம் சில கணிப்பு திமுக ஆட்சி என்றது, வந்தது அதிமுக. 2024-ல் மத்தியில் பாஜக கூட்டணிக்கு 350-லிருந்து 400 வரை என்று வரிசையாகச் சொன்னார்கள், வந்தது 293. கணிப்பு தப்பாவது குற்றம் இல்லை. ஆனால் தப்பான மறுநாள் அதே ஆட்கள், அதே நாற்காலியில், ஏன் தப்பானது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த ஐந்து வருஷத்தைக் கணிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஊரில் புயல் கணிப்பு தவறினால் வானிலைக்காரரை நாம் விடுவோமா?

நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்துக்கு ஒரே நாள் ராத்திரி எதிரெதிரான இரண்டு சேனலைப் பார்க்கிறேன், விவாதம் இல்லை, செய்தி மட்டும். இரண்டிலும் பொதுவாக வருவதை ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன், அது பெரும்பாலும் நடந்த விஷயமாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் வருவதையும் குறிக்கிறேன், அங்கேதான் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிகிறது. மூன்றாவதாக ஒரு கட்டம், இரண்டிலுமே வராதது. நம் ஊர் தினமும் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது. யூடியூப்பில் பார்க்கலாம் என்றால் அங்கே சிவப்பு எழுத்தில் "பரபரப்பு", "அதிர்ச்சி" என்று போட்டு உள்ளே ஒன்றும் இருப்பதில்லை.

வாய்க்கால் விஷயம் விசாரித்தேன். ஊராட்சி அலுவலகத்தில் நெடுஞ்சாலை என்றார்கள், அங்கே போனால் ஊராட்சி என்றார்கள். தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு இரண்டாவது இடத்துக்குப் போயிருப்பேன்.

---

லாஸ்பேட்டை_தம்பி — இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. நான் முழுசாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். 3 நியமன எம்எல்ஏ விஷயத்தில் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, சின்னத் தொகுதி என்பதால் என் ஓட்டுக்குக் கனம் அதிகம் என்றால், சின்னச் சபை என்பதால் டெல்லியின் 3 பேருக்கும் கனம் அதிகம்தானே. ஆனால் துறைமுகத்தான் அண்ணன் சொன்ன அந்த விரல் மனசில் நிற்கிறது.

ஐயா, உங்கள் 2006 சீட்டை ஒரு போட்டோ எடுத்துப் போட முடியுமா? எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

---

முத்தியால்பேட்டை_தாத்தா — இரவு 9.00

பேரன் வந்ததும் எடுத்துத் தரச் சொல்கிறேன் தம்பி. பெயரும் முகவரியும் இருக்கிறது, அதை விரலால் மறைத்துத்தான் எடுக்க வேண்டும். பாகம் எண் மட்டும் தெரியும்.

---

துறைமுகத்தான் — இரவு 9.12

தம்பி, வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார். 2025 கடைசியில் ஆரம்பித்த அந்தத் தீவிரத் திருத்தம் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலுமே நடந்தது. எங்கள் தெருவில் முப்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கும் அம்மா ஒருவரின் பெயர் வரைவுப் பட்டியலில் இல்லை, படிவம் 6 கொடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. உன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடாதே, வீட்டில் எல்லோர் பெயரையும் பார்.

---

லாஸ்பேட்டை_தம்பி — இரவு 10.35

பார்த்தேன் அண்ணே. என் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயரும் இருக்கிறது, ஆனால் வயசு தப்பாக இருக்கிறது. திருத்த எழுதிக் கொடுக்கிறேன்.

அம்மாவிடம் அப்படியே 2006 பற்றியும் கேட்டேன். கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதை மறக்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்களாம், மதியம், நல்ல வெயில், நான் அழுததால் முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்களாம். ஜெயித்தவர் பெயர், சின்னம், அவர் வீடு எந்தச் சந்து என்று எல்லாமே சொன்னார்கள். இப்போது நம் வார்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பாவுக்கும் தெரியவில்லை.